இடப்பை, வலப்பை

ஹாஜா மைதீனிடம் இரண்டு போன்கள்.
சட்டையில் இரண்டு பைகள்,
சிராங்கூன் சாலையில் சொல்லித் தைத்தவை.
இடப்பையில் நிலைப் பதிப்பு,
இனி தவறாது என்று நான் வாக்குக் கொடுத்தது.
வலப்பையில் சோதனைப் பதிப்பு, மூன்றாவது.
கண் தெரியாது அவருக்கு.
"ஒருத்தன் பொய் சொன்னா
இன்னொருத்தன் காட்டிக் குடுப்பான்" என்பார்.

பகலில் எனக்கு தெம்பனிஸ் காப்புறுதி அலுவலகம்.
இரவில், பொங்கோலில் பதினான்காம் மாடியில்,
எழுத்தை வாசித்துக்காட்டும் ஒரு நிரலுக்குக் காவல்.
மூலம் எல்லாருக்கும் திறந்தது.
பூட்டு இல்லை, வாடகை இல்லை,
வசவு மட்டும் மாதம் தவறாமல் வரும்.

சோதனைக்கு விட்டு ஆறு வாரம்.
நூற்று நாற்பது பேர் இறக்கிக்கொண்டார்கள்.
ஒரு சொல் இல்லை.
மௌனம் சம்மதம் என்பது கல்யாணத்துக்கு.
என் தொழிலில் மௌனம் என்றால்
யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

கேட்டுப் பார்த்தேன்.
"நிலைப் பதிப்பு வரட்டும், அப்புறம் போட்டுக்கிறேன்."
அத்தனை பேரும் அதே வரி.
பக்கத்து இலைக்காரர் முதலில் வாயில் வைக்கட்டும் என்று
பந்தி முழுக்கக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறது.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
இந்தப் பானையில் ஒவ்வொரு சோறும்
வேறு வேறு அடுப்பில் வேகிறது.

டொரோண்டோவிலிருந்து வாகீசன்:
"தேதி சொன்னால் தேதிதான். வெள்ளிக்கிழமை."
அவன் சொல்வதிலும் பிழையில்லை.
பழைய பதிப்பு புதுப் போன்களில் வாய் திறப்பதில்லை.
ஒரு பள்ளியில் பதினொரு பிள்ளைகள்
பரீட்சைக்கு எங்களை நம்பி இருக்கிறார்கள்.
பதறாத காரியம் சிதறாது, உண்மை.
பதறாமலே மூடிவைத்தால் ஊசிப்போகும் என்பதை
யாரும் பழமொழி ஆக்கவில்லை.

வியாழன் இரவு பதினொன்றே முக்கால்.
ஹாஜாவிடமிருந்து ஒலிக்கோப்பு, ஒன்பது நொடி.
பலதுறை மருந்தகத்து மருந்துச் சீட்டு.
இடப்பை: "இரவு அரை மாத்திரை."
வலப்பை: "இரவு பன்னிரண்டு மாத்திரை."
பிறகு அவர் சிரிப்பு.
"உங்க புது ஆளு
என்னை ஒரேயடியா அனுப்பப் பாக்குறான்மா."

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்கோடு.
ஜனவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம்
தேவையில்லாத குறிகளோடு சேர்த்து
அதையும் துடைத்திருக்கிறேன்.
என் பெயர், நேரம், என் விளக்கம் எல்லாம் பதிவில் இருக்கிறது:
"சிறு சுத்தம்."
கோப்பி ஆறிப்போயிருந்தது.
கீழே எல்ஆர்டி ஒன்று
ஆளில்லாமல் விளக்கெரியப் போனது.

வெள்ளிக்கிழமையைத் தள்ளிவைத்தேன்.
வாகீசன் இரண்டு நாள் பேசவில்லை.
பள்ளியிலிருந்து திருமதி குவெக்
மிக மரியாதையாகத் திட்டியிருந்தார்,
பதினொரு பெயர்களையும் வரிசையாக எழுதி.
நான் மன்னிப்புக் கேட்டேன்.
கூடவே கேட்டேன்:
பரீட்சைக்கு வேண்டாத பழைய போன் ஏதாவது இருக்கிறதா,
பிள்ளைகள் யாராவது விளையாட்டாகப் போட்டுப் பார்ப்பார்களா?
மூன்று பேர் கை தூக்கினார்களாம்.
நான்காம் சோதனைக்கு ஐந்தே நாள்.
ஆறு பிழை வந்தது,
அதில் இரண்டு, கெட்ட வார்த்தைகளை
எவ்வளவு வேகமாக வாசிக்கும் என்று பார்த்ததில்.

புதன்கிழமை நிலைப் பதிப்பு.
ஹாஜா அதை இடப்பையில் ஏற்றிக்கொண்டார்.
"வலப்பை லேசா இருக்கு. அடுத்தது எப்போ?"
நான் ஏழு மணி நேரம் தூங்கினேன்.

வியாழன் காலை, ரயில் நெரிசலில்,
மறுபடி அவருடைய ஒலிக்கோப்பு.
மருந்தகம் அனுப்பிய குறுஞ்செய்தி:
3/4 அன்று வரவும்.
நிலைப் பதிப்பு என்று நான் பெயர் வைத்தது,
தெளிவாக, நிதானமாக,
ஒரு சொல்லும் தடுமாறாமல் வாசிக்கிறது:
"முக்கால் அன்று வரவும்."